அக்கா கொடுத்த மாத்திரை

தலைவலி வந்தால் என் தம்பி வாயைத் திறந்து சொல்ல மாட்டான். இடது கண்ணை லேசாகச் சுருக்குவான், எனக்குப் புரிந்துவிடும். அவன் மனைவிக்கு அது இன்னும் பிடிபடவில்லை. பாவம், சின்னப் பெண்.

நான் நர்ஸ், சார். அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் நான்தான். அவனுக்காகக் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அதை அவனிடம் அடிக்கடி சொன்னதும் இல்லை.

அவன் கல்யாணத்துக்கு முன்னால் முதுகுவலிக்குப் போட்ட மாத்திரை ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பெல்லாம் தடித்தது. பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார்.

"இது வெறும் அலர்ஜி இல்லம்மா. இதயத்துக்குப் போற ரத்தக்குழாயே இறுகிப்போச்சு. அந்த மருந்து இனிமே அவர் பக்கமே வரக் கூடாது."

படுக்கையில் கிடந்தவன், "எங்கயும் போகாதக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நல்ல நாட்கள் அவை.

அன்று காலை அவனும் அவன் மனைவியும் வேறு ஊருக்குக் குடிபோவதாக இருந்தது. பெட்டிகளைக் கட்டியாகிவிட்டது. அவள் வண்டிக்காரரிடம் பேசக் கீழே போயிருந்தாள். அவன் கண்ணைச் சுருக்கினான்.

"தலைவலிக்குதா?"

"லேசா. உன்கிட்ட ஏதாச்சும் இருக்கா?"

இருந்தது. அந்த மாத்திரை, அதற்கு முறிவாக ஓர் ஊசி, இரண்டையும் முந்தின நாளே பையில் எடுத்து வைத்திருந்தேன். பயணம் தள்ளிப்போனால் போதும் என்றுதான் நினைத்தேன். எதுவென்றுகூடப் பார்க்காமல் விழுங்கினான். அக்கா கொடுத்தால் பார்க்க மாட்டான்.

கழுத்து சிவந்தது. முகம் வியர்த்து வெளுத்தது. "அக்கா, நெஞ்சு..." என்றான். ஊசியைக் கையில் எடுத்தேன். அதற்குள் படியிலிருந்து அவள் குரல் வந்தது. "என்னங்க, கிளம்பலாமா?"

அவன் தலை அந்தப் பக்கம் திரும்பியது. என்னை விட்டுவிட்டு அவளைக் கூப்பிடப் பார்த்தான்.

நான் ஊசியைப் பைக்குள் வைத்தேன். எழுந்து போய்க் கதவைத் தாழிட்டேன். அவள் தட்டினாள், பிறகு கத்தினாள். நான் அவனை மடியில் கிடத்திக்கொண்டேன்.

அவன் கை பையை நோக்கி நீண்டது. ஊசிக்காக என்று எழுதுகிறீர்கள். இல்லை, சார். பயந்தால் அவன் என் கையைத்தான் தேடுவான். கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன், கடைசிவரை விடவே இல்லை.