பவுடர் பூசாத பாட்டு

வேறு ஆள் கிடைக்காததால் என்னை அழைத்த தலைவர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! பின்வரிசைக்குத் தள்ளப்பட்ட தாய்மார்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

இச்சங்கத்தில் பாராட்டு எப்போதும் பிறருக்கு, நன்றியுரைதான் எனக்கு. இன்று அதிசயமாக ஒரு பெரும்பணி தந்திருக்கிறார்கள். ஒரு பாட்டு ஏன் பாவம் என்று நான் விளக்க வேண்டுமாம்!

நம் பாடகர் குழுவிலிருக்கும் தையற்காரப் பெண் எழுதிய பாட்டு அது. இன்று அவள் பாடியிருக்க வேண்டும். தடுத்துவிட்டார்கள். குற்றவாளி வரிகள் இவை:

"என் தோல் ஒரு பாவம் என்றால்
செய்தவன் வந்து மன்னிப்புக் கேட்கட்டும்!"

"கடவுளையே மன்னிப்புக் கேக்கச் சொல்றா!" என்று கொதித்தார் செயலாளர். "நம்ம இனத்துல நிறபேதமே கிடையாது, எதுக்கு இதையெல்லாம் கிளப்புறா?" என்று குமுறினார் பொருளாளர்.

அடடா! பேதமே இல்லையா? பிறகு மேடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் அந்தப் பவுடர் டப்பா எதற்கு? முகத்தில் பூசாமல் யாரும் மேடையேறக்கூடாது என்பது இங்கே எழுதப்படாத சட்டம். செயலாளருக்கு லேசாக ஒரு தட்டு. அந்தப் பெண்ணுக்கோ இரண்டு பூச்சு! போன ஆண்டு முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறமாக நின்று பாடினாள். நாமும் கைதட்டினோம். கண்ணை எங்கே அடகு வைத்திருந்தோம்?

இன்று மாலை மறுத்துவிட்டாள்.

"வேணாம்ண்ணா. வேர்த்தா வழியுது, எல்லாரும் சிரிக்கிறாங்க."

"லைட்டு போட்டா பல்லு மட்டுந்தாம்மா தெரியும்!" என்றார் ஒப்பனைக்காரர்.

"தெரியட்டும்ண்ணா. பாட்டு அதுக்குள்ள இருந்துதானே வருது?"

அதன் பிறகுதான், பெரியோர்களே, பாட்டில் பாவம் கண்டுபிடிக்கப்பட்டது! ஒத்திகை தோறும் கேட்ட கடவுளுக்கு வராத கோபம், பவுடரை மறுத்ததும் பொத்துக்கொண்டு வந்துவிட்டதா? பாவம் பாட்டிலா, பவுடரிலா? பதில் சொல்லட்டும் பெரியோர்!

என்ன தலைவரே, மணி அடிக்கிறீர்களா? அடியுங்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

பின்னாலிருந்து யாரம்மா அது? "நீங்களும்தான் சார் பூசியிருக்கீங்க!" என்றா? சரியான அடி. ஆம், பூசியிருக்கிறேன். பேச ஒரு மைக் கிடைக்குமென்று வாயை மூடிக்கொண்டு முகத்தை நீட்டினேன்.

இதோ என் கைக்குட்டை. இதோ துடைக்கிறேன். கைக்குட்டையில் அப்பிய வெள்ளையைப் பார்த்தீர்களா? அந்த இரண்டு வரிக்கு என் விளக்கவுரை இதுதான். தலைவரே, மடிப்பை மாற்றித் தருகிறேன், உங்கள் முகத்துக்கும் இடமிருக்கிறது.

தங்கையே, அப்படியே மேலேறி வா. எனக்குத் தந்த நேரத்தில் மிச்சமெல்லாம் உனக்கு. தயங்காமல் பாடு, மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் அத்தனை பேரும் இந்த மேடையில்தான் இருக்கிறோம்.

நன்றி, வணக்கம்.