கடைவீதி வரைக்கும் ஒரு நடைபாதை

தேனியிலிருந்து வீரபாண்டி போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் பேசிக்கொண்டு வந்தார்கள். இருபது வருடம் கழித்து ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று அதிகாரிகள் கருத்துக் கேட்ட கூட்டத்திலிருந்து திரும்புகிறார்கள். கணவர்தான் ஆரம்பித்தார்.

“எல்லாரும் பாலம் கேட்டாக, பைபாஸ் கேட்டாக. நீ மட்டும் எந்திரிச்சு, இருபது வருசம் கழிச்சு, அம்பது வயசுல, எம் மக தனியா கடைக்குப் போகணும்னு சொல்ற. அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாக.”

“பாக்கட்டுமே. இப்ப வீல்சேரை நாம தள்ளுறோம். அப்ப நாம இருப்பமோ என்னமோ. மேடுபள்ளம் இல்லாம ஒரு நடைபாதை இருந்தா அவளே உருட்டிக்கிட்டுப் போயிருவா.”

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னார்.

“நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். ஆபீசர் என்ன சொன்னாகன்னே காதுல விழுகல.”

“எம்புட்டு அகலம் வேணும்னு கேட்டாக. எனக்குச் சொல்லத் தெரியல.”

“அடுத்த கூட்டத்துக்கு அவளைக் கூட்டிட்டுப் போவோம். அவளே சொல்லட்டும்.”

அந்த அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

“கல்யாண வீட்டுக்கே கூட்டிட்டு வர வேணாம்பீகளே?”

அவர் மனைவியின் மடியிலிருந்த பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“இனிமே வரட்டும். நானே தள்ளிட்டு வாரேன்.”