நிமலினிக்கு மொழிபெயர்த்தது

எனக்குச் சீனி போடாமல் தாருங்கள், போதகர் ஐயா. டென்மார்க்கில் இருபத்திரண்டு வருடம் வெறும் கோப்பி குடித்துப் பழகிய நாக்கு. எங்கள் ஊர் பண்டத்தரிப்புத் தேத்தண்ணீரின் இனிப்பு அதற்கு இன்னும் ஒத்துவரவில்லை.

நேற்று அடக்க ஆராதனையில் நீங்கள் சொன்ன ஒரு விஷயத்தைத் திருத்திவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். என் மனைவி நிமலினி பிறந்த மண்ணை விட்டுப் போக மனமில்லாமல் வைத்தியத்தையே உதறியவர் என்று பிரசங்கித்தீர்கள். சனம் விம்மியது. அவளுடைய தங்கை தேவமலர், "போயிருந்தா பிழைச்சிருப்பியே அக்கா, ஏன் போகாமல் நிண்டனீ" என்று பெட்டியைப் பிடித்துக்கொண்டு கதறினாள். பிரசங்கம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நடந்தது அதுவல்ல. பிழையான தகவல் ஒன்று ஊரில் உலாவுவதை என்னால் பொறுக்க முடியாது, சுபாவம் அப்படி.

பிட்கொயின் என்ற பெயரையே ஒருவரும் அறியாத காலத்தில் நான் அதில் கொஞ்சம் வாங்கிப் போட்டேன். கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். பிறகு அது பொல்லாத விலைக்கு ஏறியது. டென்மார்க்கில் இருந்துகொண்டு விற்றால் லாபத்தில் ஏறக்குறையப் பாதி வரிக்குப் போய்விடும். துபாய்வாசியாகிவிட்டு விற்றால் வரியே இல்லை. இதில் களவு ஒன்றும் இல்லை, ஐயா. வீட்டைக் கொடுத்துவிட்டு முறைப்படி நாடு மாறினால் சட்டம் ஒத்துக்கொள்ளும்.

ஆனால் நான் மட்டும் போனால் காணாது என்றார் வரி ஆலோசகர். மனைவி டென்மார்க்கில் ஒரு வீட்டில் இருக்கும்வரை என்னுடைய வீடும் அதுதான் என்று வரிக் கந்தோர் பிடித்துக்கொள்ளும். துபாய்க்கு அவளைக் கூட்டிப்போகவும் வழியில்லை. முன்பு ஒருமுறை மார்பில் புற்றுநோய் வந்து சுகமாகியவள். அப்படிப்பட்டவர்களுக்கு அங்கே காப்புறுதி எடுப்பது பெரும்பாடு. ஆகவே அவள் ஊருக்கு வருவதென்று முடிவானது. வரிக்காகத்தான் இந்த ஓட்டம் என்பதை நான் மறைக்கவில்லை. "எனக்கென்ன, தேவமலரோடை இருப்பன். நீங்கள் வந்து வந்து போங்கோ" என்றாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சித்திரையில் வந்து சேர்ந்தோம்.

புறப்படுவதற்கு முன்னர் வருடாந்த ஸ்கான் எடுத்திருந்தோம். அதன் முடிவைச் சொல்ல வைகாசியில் டென்மார்க் டொக்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் அப்போது இங்கேதான் நின்றேன். அவள் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள், நான் ஸ்பீக்கரைப் போட்டேன். அவளுக்கு டெனிஷ் பாஷை ஓடாது. கடையில் பாணும் பாலும் கேட்பாள், வணக்கம் நன்றி சொல்லுவாள், அவ்வளவுதான். முதல் நோய்க் காலம் முழுக்க டொக்டர்மாருக்கும் அவளுக்கும் இடையில் நான்தான் மொழிபெயர்த்தேன். மார்பை எடுக்கவேண்டும் என்று டொக்டர் சொன்னதையும் அவளுக்கு என் வாயால்தான் சொன்னேன். அன்றைக்கு நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று அழுதோம்.

டொக்டர் சொன்னது இதுதான். ஈரலில் சிறிதாக ஒன்று தெரிகிறது. உடனே திரும்பி வந்து வைத்தியத்தைத் தொடங்கினால் கட்டுப்படுத்த நல்ல வாய்ப்பு இருக்கிறது. பல மாதங்கள் அங்கே தங்கவேண்டி வரும், பிந்தக் கூடாது. மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இணைக்கட்டுமா என்று கேட்டார். தேவையில்லை, நான் இருக்கிறேன் என்றேன். அப்படியென்றால் இப்போதே சொல்லுங்கள், நான் காத்திருக்கிறேன் என்றார்.

பல மாதம் தங்குவதென்றால் அங்கே வீடு எடுக்கவேண்டும். வீடு எடுத்தால் செய்த காரியம் முழுவதும் கவிழ்ந்துவிடும். துபாய்வாசி என்ற பத்திரம் மார்கழிக்குள் கைக்கு வரும், தை பிறந்ததும் விற்றுவிடலாம், அதன் பிறகு அவளை உலகத்தின் எந்த ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோகலாம். வைகாசியில் சின்னதாக இருக்கிற ஒன்று தை வரைக்கும் பொறுக்காதா என்று யோசித்தேன். டொக்டர் காத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்டுமில்லையாம் நிமலி. எல்லாம் கிளீனாம். நீர் இனிப் பயப்பிடத் தேவையில்லையாம்" என்றேன்.

அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிறகு தொலைபேசியின் பக்கம் குனிந்து டெனிஷில் நன்றி, நன்றி என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாள். பிறகு டொக்டர், உங்கள் மனைவியைப் போல் தைரியமான ஒருவரை நான் கண்டதில்லை என்றார். அதை மட்டும் உள்ளபடியே மொழிபெயர்த்தேன்.

ஆவணியில் அவள் ஆசைப்பட்டு வைத்த ஸ்தோத்திர ஆராதனை உங்களுக்கு ஞாபகம் இருக்கும், நீங்கள்தான் நடத்தினீர்கள். மஞ்சள் சேலையில் எழும்பி நின்று, கர்த்தர் தன்னைப் பூரணமாகச் சுகமாக்கினார் என்று சாட்சி சொன்னாள். கோயில் முழுக்க ஆமென் சொன்னது, நானும் சொன்னேன். பிறகு எல்லோருக்கும் கேக்கும் றோல்சும் கொடுத்தோம். நீங்கள் என் கையைப் பிடித்து, விசுவாசமுள்ள குடும்பம் என்றீர்கள். அன்றைக்குத்தான் முதன்முதலாக உண்மையைச் சொல்லிவிடலாமோ என்று யோசித்தேன். ஆனாலும் சபை நடுவில் நின்று ஒரு பெண்ணின் சாட்சியைப் பொய்யாக்குவது எப்படி?

ஐப்பசியில் வயிற்றின் வலது பக்கம் நோகிறது என்றாள். நான் துபாயில் நின்றேன். வாய்வாக இருக்கும், உள்ளியைச் சுட்டுச் சாப்பிடும் என்று தொலைபேசியில் சொன்னேன். தேவமலர் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று நச்சரித்திருக்கிறாள். "டென்மார்க்கிலையே ஒண்டுமில்லை எண்டு சொன்னவங்கள், இஞ்சை என்னத்தைக் காணப்போறாங்கள்?" என்று இவள் மறித்திருக்கிறாள். என் மொழிபெயர்ப்பில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

தை பிறந்தது, விற்றேன். அடுத்த விமானத்தில் வந்தேன். எல்லாவற்றையும் சொல்லத்தான் வந்தேன் என்பதை நீங்கள் நம்பவேண்டும். வாசலில் அவளைக் கண்டபோது கண் மஞ்சளாக இருந்தது. சேலை அவள்மேல் நிற்கவில்லை. சொல்ல வந்ததை விட்டுவிட்டு வான் பிடித்துத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

சோதனைகளெல்லாம் முடிந்த பிறகு அங்குள்ள டொக்டர் எங்கள் இருவரையும் உள்ளே இருத்தினார். தங்கமான மனிதர். அவளைப் பார்த்துத் தமிழிலேயே கதைத்தார். எனக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

"அம்மா, இது நல்லாப் பரவீட்டுது. போன வருசம் டென்மார்க்கிலை எடுத்த ஸ்கானிலையே தெரிஞ்சிருக்கோணும். அங்கத்தை டொக்டர்மார் உங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?"

நிமலினி திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் இன்றைக்கு எனக்குத் தூக்கம் வந்திருக்கும். வழியில் விழுந்த பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"சொன்னவை டொக்டர். இவரும் போவம் போவம் எண்டுதான் நிண்டவர். நான்தான் ஊரை விட்டு வரமாட்டன் எண்டிட்டன்."

தேவமலருக்கும் பிறகு அதையே சொன்னாள், உங்களுக்கும் சொன்னாள். உங்கள் பிரசங்கம் அங்கிருந்து வந்ததுதான்.

அவளை நான் நேசித்தேன், ஐயா. அதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம். நேற்று மண் போடும்போது கூடவே விழுந்துவிடலாம் போல் இருந்தது. நான் அவளைக் கொல்லவில்லை; காலத்தைக் கொஞ்சம் கடன் கேட்டேன், அது கிடைக்கவில்லை. அவளும் அதை விளங்கிக்கொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். இல்லாவிட்டால் டொக்டர் முன்னிலையில் என்னைக் காட்டிக்கொடுத்திருப்பாள் அல்லவா?

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது வானில் நெடுநேரம் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தாள். நித்திரை என்று நினைத்தேன். கண்ணைத் திறவாமலே கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, வரியிலை எவ்வளவு மிச்சம் வந்தது?"

சொன்னேன்.

"உங்களுக்குக் காணுமோ?"

காணும், தாராளமாகப் போதும் என்றேன். சதக் கணக்கு வரைக்கும் உள்ளதை உள்ளபடியே சொன்னேன், ஐயா. பண விஷயத்தில் நான் அவளுக்கு ஒருநாளும் பொய் சொன்னதில்லை.