மூன்று நாள் கேள்வி கேட்காத மகள்

அவைக்கு அணிசெய்யும் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே! அறிவிலும் அனுபவத்திலும் மூத்த பெரியோர்களே! பிள்ளையையும் பெற்று, ஊர்ப்பேச்சும் வாங்கும் தாய்மார்களே! பள்ளிக்குப் போகும் பிள்ளைகளே, போகாத பிள்ளைகளே! வணக்கம்.

இந்த வணக்கத்தை யார் காதிலும் விழாமல் மனப்பாடம் செய்ய, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் கத்திப் பார்த்தேன். மாடித் தொட்டி காலி. ஊருக்கெல்லாம் "குழாயை மூடுங்க" என்று புத்தி சொல்லும் குழாய்க்காரன் நான்! துண்டோடு வெளியே காத்து நின்ற என் மனைவி, அதோ, இன்னும் முறைக்கிறார்.

நான்காம் வகுப்பைத் தாண்டாதவனுக்குக் கல்விக் கூட்டத்தில் என்ன வேலை? தாண்டியவர்கள் பேசிவிட்டார்கள் ஐயா, தடுக்கி விழுந்தவனும் பேசட்டுமே!

என் மகளுக்கு வைத்த பெயர் வேறு. வீட்டில் விளங்கும் பெயர் "ஏன்". மழை ஏன்? மீசை ஏன்? மாமா பொய் சொல்வது ஏன்? எட்டு வயதில், பள்ளி வண்டியின் சத்தம் கேட்டாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். பள்ளிக்கு அனுப்புவதை நிறுத்தினோம். எதை எப்போது கேட்கிறாளோ, அதை அப்போது கற்கட்டும் என்றோம். உறவு விடுமா? என் அக்கா வாசலிலேயே மறித்தாள்.

"ஏண்டா, நீதான் குழாய் மாட்டுற. அவளும் ஸ்பேனர் பிடிக்கணுமா?"

"அவ ஸ்பேனர் பிடிச்சா உனக்கு எங்க வலிக்குது அக்கா?"

வாய் கிழியப் பேசினேன். பிறகு கல்வி அதிகாரி வந்தார். ஒன்பது வயதாகியும் வாசிக்காத மகளைப் பார்த்தார். "மூணு மாசம் டைம். அதுக்குள்ள வாசிக்கலைன்னா திரும்ப ஸ்கூல்தான்" என்றார்.

விடுவேனா, அன்பர்களே! சமையலறை மேசையை வகுப்பறை ஆக்கினேன். ஸ்பேனரால் குழாயைத் தட்டி மணியடித்தேன். நானே வாத்தியார்! சிரிக்காதீர்கள் தலைவரே, முறைப்பதை உங்கள் வகுப்பில்தான் கற்றேன்.

மூன்றாம் நாள் மாலை மனைவி மெல்லக் கேட்டார்: "ஏங்க, மூணு நாளா அவ ஒரு கேள்வியும் கேக்கல. டாக்டர்கிட்ட காட்டலாமா?"

அன்றோடு மணி நின்றது.

மறுவாரம் வீட்டில் புது ஹீட்டர் மாட்டினேன். கையேட்டைப் படிக்காமல், தண்ணீர் உள்ளே போகும் குழாயையும் வெளியே வரும் குழாயையும் மாற்றி மாட்டிவிட்டேன். ஒரு குவளைக்கு மேல் வெந்நீர் வரவில்லை.

"அப்பா, இந்தப் புக்குல என்ன எழுதியிருக்கு?"

"தெரியலம்மா."

"தெரியாம ஏம்பா மாட்டுனீங்க?"

கேட்டாளே! காது குளிரக் கேட்டாளே! கையேட்டைப் பிடுங்கிக்கொண்டாள். பால்காரரிடம் ஓரெழுத்து, பஸ் கண்டக்டரிடம் ஓரெழுத்து, மருந்துக்கடையில் ஒரு சொல் என்று கேட்டுக் கேட்டு, இரண்டு மாதத்தில் முழுக்க வாசித்துவிட்டு, என்னைக் குழாயை மாற்ற வைத்தாள். கொட்டியது வெந்நீர்!

கெடு நாளில் அதிகாரி வந்து பாடநூலை நீட்டினார். அவள் அதைத் தொடவில்லை. அவர் மடியிலிருந்த படிவத்தை எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டினாள்.

"'சிறுமிக்கு... வாசிக்கத்... தெரியவில்லை.' ஏன் சார், நான் வாசிக்கிறதுக்கு முன்னாடியே எழுதிட்டீங்க?"

அதிகாரி பேனா மூடியைத் தேடினார். கிடைக்கவில்லை. அந்த வரியை அடித்துவிட்டு எழுந்தார்.

கேட்கிறேன் பெரியோர்களே! வாசிக்குமுன் தீர்ப்பு எழுதுவது யார்? பசிக்குமுன் ஊட்டி, கேட்குமுன் விடை சொல்லி, கேள்வியையே கொன்று போடுவது யார்? மணியடித்த நானும்தானே! என் மகள் வாய்திறந்து "பள்ளிக்குப் போகணும்" என்று சொல்லட்டும், தோளில் தூக்கிக்கொண்டு போய் விடுகிறேன். அதுவரை அதிகாரி வந்தாலும், அக்கா வந்தாலும், ஆயிரம் படிவம் வந்தாலும் அனுப்பமாட்டேன்! அனுப்பமாட்டேன்! அனுப்பவே மாட்டேன்!

ஒரு தொட்டித் தண்ணீர் அளவுக்குப் பேசிவிட்டேன். பொறுத்த உங்களுக்கு நன்றி, வணக்கம்.

ஒரு நிமிடம். மகள் சீட்டு கொடுத்தனுப்பியிருக்கிறாள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். "அப்பா... நீங்க காலையில... மண்டபத்துல மாட்டுன குழாய்... கழண்டுடுச்சு."

முன்வரிசைப் பெரியோர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளவும்.