முடிவில்லாத விஞ்ஞானக் கதைகள்

“உசந்த விஞ்ஞானக் கதைன்னா அதுக்கு முடிவே இருக்கக் கூடாது மச்சான்.”

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பாசஞ்சர் ரயிலில், எதிர் பெஞ்சிலிருந்து இந்தத் தீர்ப்பு வந்தது. சொன்னவர் மடியில், வாரப் பத்திரிகைக் கதைகளைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த தடித்த பைண்டு புத்தகம். ஜன்னலோரம் அவர் மனைவி. பக்கத்தில் அவளுடைய அண்ணன், மறுநாள் வாசகசாலையில் விஞ்ஞானக் கதைகளைப் பற்றிப் பேச வேண்டியவர்.

“எதை மாப்ளே மொதல்ல படிக்கிறது?”

“சந்திரனுக்குப் போன டாக்டர் கதை. ராக்கெட்டு கதவைத் தொறக்கிறான், வெளில யாரோ நிக்கிறாங்க. அவ்ளோதான், கதை முடிஞ்சிபோச்சு! அடுத்தது, கடலுக்கடியில பட்டணம் கட்டுனவன் கதை. அது பாதி வாக்கியத்துலயே நிக்குது. மிச்சத்தை நாமதான் யோசிக்கணும். அதான் எழுத்து.”

“நாளைக்கு மேடையில இதையேதான் சொல்லப் போறேன்,” என்றார் அண்ணன்.

அதுவரை வெளியே பார்த்துக்கொண்டிருந்த மனைவி திரும்பினாள்.

“வெளில நின்னது அவன் பொண்டாட்டிண்ணே. இவனுக்கு முன்னாடியே போயிட்டாளாம். அந்தக் கடைசிப் பக்கத்துக்குப் பின்னாடி பலாக்கொட்டைப் பொரியல் செய்முறை போட்டிருந்தாங்க, இவரு படிக்கிறதுக்குள்ள வெட்டி எடுத்துக்கிட்டேன். கடலுக்கடிப் பட்டணம் மாங்கா தொக்குக்குப் பின்னாடி இருக்குது.”