சிட்டுக்குத் தாலி

திருப்பத்தூரிலிருந்து காவலூர் போகும் பேருந்து ஆலங்காயம் தாண்டி மலையேறும்போது, எனக்குப் பின்சீட்டில் ஒரு பெண் கோபத்தில் வெடித்தாள்.

“எட்டாவதே முடிக்காதவளுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சிட்டானுங்களே, தேவி!”

என் பக்கத்தில் இருந்த பெரியவர் பதறிப்போய்த் திரும்பினார். “இன்னாம்மா இது? போலீசுக்குச் சொன்னீங்களா?”

“சினிமாவுலங்க. டிவில சிட்டுன்னு ஒரு கார்ட்டூன் வருதில்ல, அத ஆளுங்கள வெச்சுப் படமா எடுத்துட்டானுங்க. இப்பத்தான் பாத்துட்டு வர்றோம்.”

பெரியவர் சிரித்துவிட்டார். “பொம்மைக்கா இவ்ளோ கோவம்?”

“நான் எட்டாவது படிக்கசொல்ல அவளும் எட்டாவதுங்க. இப்ப என் பொண்ணே எட்டாவது. சிட்டு இன்னும் அதே சைக்கிள்ல அதே ஸ்கூலுக்குத்தான் போய்ட்டிருந்தா. படத்துல அவள வளத்து, கடைசி சீன்ல அவ கழுத்துல தாலி ஏற வெச்சிட்டானுங்க.”

“பாட்டு நல்லாத்தான்க்கா இருந்துச்சு,” என்றாள் கூட வந்த தேவி.

“பாட்டு யாருக்கு வேணும்? என்னைத்தான் பன்னெண்டாவதோட நிறுத்திக் கட்டிக் குடுத்தாங்க. அவளையாவது வுட்டிருக்கலாமில்ல?”

பேருந்து ஒரு வளைவில் முக்கிக்கொண்டு ஏறியது.

“பொண்ணுன்னு இருந்தா இன்னிக்கி இல்லன்னா நாளைக்குப் பண்ணித்தானம்மா ஆவணும்,” என்றார் பெரியவர்.

“படத்துல பண்ணிக்கட்டுங்க. எங்க வூட்டு டிவில அவ எட்டாவதுதான். என் பொண்ணு காலேஜ் முடிச்சு வேலைக்குப் போனாலும் சிட்டு எட்டாவதுதான்.”