படியில் கிடந்த சப்பாத்துகள்

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகர ட்ராமில் எனக்கு முன்னால் இருந்த அக்கா, பக்கத்திலிருந்த கணவரிடம் வெடித்தார்.

"செத்தவீட்டுக்கு மேலை முறைப்பாடு எழுதின முதல் யாழ்ப்பாணத்தான் நீங்கள்தான்!"

"மேல்வீட்டிலை சாவெண்டு எனக்கென்ன தெரியும்? மூண்டு நாளாச் சனம். படியெல்லாம் சப்பாத்து. அதுதான் கட்டிடம் பாக்கிற ஹவுஸ்மைஸ்டருக்கு எழுதினனான்."

"அந்தச் சிரியாப் பிள்ளையின்ரை தகப்பன் ஊரிலை மோசம் போயிட்டார். போக ஏலாமல் இஞ்சை இருந்து அழுகிறாள். அவளின்ரை ஊர்ச்சனம்தான் சாப்பாட்டோடை வந்து கூட இருந்தது."

"மெல்லமாக் கதை. சனம் பாக்குது."

"பாக்கட்டும்! அவையின்ரை ஊர் முழுக்க ஒலிவ் தோட்டம். பிடுங்கிற காலத்திலை ஒரு வீட்டிலை சாவெண்டால், ஊரே சேர்ந்து முதல் அந்த வீட்டு மரத்திலைதான் பிடுங்குமாம். பிறகுதான் தங்கடை மரமாம். நீங்கள் என்னடாவெண்டால் கடிதம் எழுதிறியள்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அவை."

"உங்கட அம்மா செத்தண்டைக்கு அவளுக்கு ஆர் சொன்னது?"

அக்கா இறங்குவதற்காக எழுந்தார்.

"அண்டைக்கு எங்கட படியிலை கிடந்த அவ்வளவு சப்பாத்தையும் குனிஞ்சு சோடி சோடியா அடுக்கி வைச்சவள் அவள்தான்."